சுவர் முழுக்க ஒரு ஸ்க்ரீன்

இனி இந்த வீட்டில் நான் ஒரு படம் பார்த்தால், அதில் வரும் கதாநாயகனின் மூக்கு என் மூக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படமே பார்ப்பதில்லை.

மாடிப்படி இறங்கும்போது எடுத்த முடிவு இது. மாடிவீட்டுக்காரர் வாங்கியிருக்கும் புது டிவியில் ஒரு முழுப் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மாடிவீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். மாடியையும் மெத்தை என்று சொல்வதுண்டு. ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர் மெத்தைதான். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருடைய டிவி உள்ளே வந்த அன்று அவர் வீட்டு அலமாரி வெளியே போனது. அத்தனை பெரிது. அதில் கதாநாயகி அழுதபோது, எழுந்துபோய் ஒரு துண்டு கொடுக்கலாமா என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. அதில் போர்க்களக் காட்சி வந்தால் யாரோ சர்க்கரையைக் கொட்டி எறும்பு மொய்க்கிறது என்றுதான் தோன்றும். கதாநாயகனையும் வில்லனையும் சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். இருவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தால், ஜெயித்தவர் பக்கம் சேர்ந்துகொள்வேன்.

நான் விவரம் தெரியாமல் ஆசைப்படுகிற ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. ஆளை உட்கார வைத்து, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு ஒரு லென்ஸை எடுத்து, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். ஊர்க் கண்ணுக்கெல்லாம் நான் பொறுப்பு. என் கண்ணுக்கு யார் பொறுப்பு?

பிரச்சினை டிவியில் இல்லை. சுவரில். எங்கள் ஹாலில் ஒரு நீளமான சுவர் காலியாக இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே காலிச் சுவர் அதுதான். என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். தையல் என்றால் பெண் என்றும் பொருள் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஆள். தையல் மெஷினைப் படுக்கையறை மூலையில் வைத்துக்கொண்டு, துணி வெட்டுவதற்கு மட்டும் ஹாலுக்கு வந்து தரையில் மண்டி போடுவாள். அந்தச் சுவரோரம் ஒரு மேசை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. சுருக்கமாகச் சொன்னால், ஒரே சுவர்மேல் வெட்டுகிற அவளுக்கும் ஒரு கண், வெட்டியாக இருக்கும் எனக்கும் ஒரு கண்.

நான் உள்ளே நுழைந்தபோது தரையில் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் எப்படி?"

"பெருசு."

"ரொம்ப நீளமா?"

"அகலம்."

"கதை என்ன?"

யோசித்தேன். "ஒருத்தன் வரான்."

"வந்து?"

"பெருசா வரான். முகம் மட்டுமே இந்தக் கதவு அளவுக்கு இருக்கு."

"அதுக்கு ஏன் மாடி ஏறணும்? பஸ் நிலையத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பார்த்துட்டு வந்திருக்கலாமே."

"உனக்கு ரசனையே இல்லை."

"இருக்கட்டும். பெரிய டிவின்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அந்த வார்த்தையே இந்த வீட்டுல வரக் கூடாது. அந்தச் சுவத்துல என் மேசைதான் வரணும்."

ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிட்டாள். வேறு யாராவது என்றால் மனம் உடைந்துபோயிருப்பார்கள். நான் உடையவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

கடையில் ஒரு வாடிக்கையாளர். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "வெளிச்சம் கூசுது சார். அந்த ஸ்க்ரீனைக் கொஞ்சம் இழுத்து விடுங்க" என்றார்.

போய் ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றது.

ஸ்க்ரீன்! ஜன்னலில் தொங்கும் துணியும் ஸ்க்ரீன். படம் ஓடுகிற கண்ணாடியும் ஸ்க்ரீன். ஒரே வார்த்தை, இரண்டு பொருள், ஒரு மனைவி, ஒரு அறிவாளிக் கணவன். டிவி என்ற வார்த்தைதானே வரக் கூடாது? வராது. ஸ்க்ரீன் என்று கேட்பேன். தையல்காரி, துணி என்று நினைத்துச் சரி என்பாள். சாட்சி வைத்து அந்தச் 'சரி'யை வாங்கிக்கொண்டு, டிவியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "நீதானே சரின்ன?" என்று கேட்பேன். அந்த வாடிக்கையாளர் எல்லா எழுத்தையும் தப்பாகப் படித்தார். "பிரமாதம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு நினைவு வந்து, தெருவரைக்கும் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

சாயங்காலம் மாடிப்படியில் மெத்தையைப் பிடித்து என் திரைமறைவு வேலையைச் சொன்னேன். அவர் கவலைப்பட்டார்.

"வேணாம் சார். உங்க வீட்டம்மா துணி விஷயத்துல கெட்டிக்காரங்க."

"அதனாலதான் சிக்குவா. ஸ்க்ரீன்னு சொன்னா அவளுக்குத் துணியைத் தவிர வேற ஒண்ணும் தோணாது."

"தோணிட்டா?"

"மெத்தை, படுத்தவுடனே தூங்கறது உங்க தொழில். கண்ணைத் திறந்து வைக்கறது என் தொழில். நீங்க சும்மா வந்து டீ குடிங்க. சாட்சி மட்டும் சொல்லுங்க."

மெத்தையும் அவர் மனைவியும் வந்தார்கள். டீ வந்தது. என் மனைவி டீயைக் கொடுத்துவிட்டு மறுபடியும் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஹாலுக்கு ஒரு ஸ்க்ரீன் வாங்கினா நல்லாயிருக்கும்னு தோணுது."

கத்தரிக்கோல் நின்றது. "என்னது?"

"ஸ்க்ரீன்."

"நீங்களா கேக்கறீங்க?"

"வீடுன்னா ஒரு அழகு வேணாமா?"

"எங்க போடணும்?"

"இதோ, இந்தச் சுவத்துல."

"ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு."

மெத்தை டீயை ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அசரவில்லை.

"ஜன்னல்ல எல்லாரும்தான் போடறாங்க. சுவத்துல போட்டாத்தான் எடுப்பா இருக்கும்."

"எவ்ளோ பெருசு?"

"சுவர் முழுக்க."

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்குமா?"

"இண்டு இடுக்கு விடக் கூடாது."

"கலர்?"

"பின்னே, கறுப்பு வெள்ளையா? நல்லா பளிச்சுனு கலர்தான்."

மெத்தைக்குப் புரை ஏறியது. அவர் மனைவி அவர் தலையில் தட்டினார்.

"அழுக்கானா?" என்றாள் என் மனைவி.

"லேசாத் துடைச்சாப் போதும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். "ஸ்க்ரீனைத் துடைக்கறதா?"

"துவைக்கறது! துவைச்சாப் போதும்னு சொன்னேன். ஒரு எழுத்து மாறிப்போச்சு."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். "சரி. போட்டுடலாம்."

எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. ஆடவில்லை. கெட்டிக்காரன் அவசரப்பட மாட்டான்.

"இந்தச் சுவத்துல, சுவர் முழுக்க, பெரிய ஸ்க்ரீன். உனக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம். ஆனா வந்தப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"யாரு?"

"யாருமேதான். அண்ணா, நீங்க சாட்சி."

அவளே சாட்சி வைத்துவிட்டாள்! குழியை நான் வெட்டினேன், அவள் படிக்கட்டு வைத்துக்கொண்டு இறங்குகிறாள். மெத்தையின் மனைவி மட்டும் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். டீ நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிவி கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, "இது" என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுகிறவர் வந்து சுவரைப் பார்த்துத் தாங்கியை அடித்துவிடுவார், மறுநாள் டிவி வரும் என்றார்கள்.

"சுவர் பலமா இருக்குமா சார்?"

"எங்க சுவர் மாதிரி ஒரு சுவர் இந்தத் தெருவுலயே கிடையாது."

அந்த வாரம் முழுக்க நான் நடந்த நடையே வேறு. வீட்டில் அவளும் மும்முரமாக இருந்தாள். மூட்டையாகத் துணி வந்து இறங்கியது. கிளிப்பச்சை. பார்க்கவே பாவமாக இருந்தது. இவ்வளவு துணியையும் தைத்து முடிக்கும்போது அங்கே டிவி அல்லவா தொங்கும்! பாவம் பார்த்து, கேட்ட உதவியெல்லாம் செய்தேன்.

"ஏங்க, மேல கம்பி மாட்டணும். ஓட்டை போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். துளை போடும்போதே சுவரின் பலம் தெரிந்தது. டிவி தாங்கும்.

"ஏங்க, தச்சர் கடையில பலகை தயாரா இருக்காம். ஒரு கை பிடிச்சுத் தூக்கிட்டு வாங்க."

"பலகை எதுக்கு?"

"ஸ்க்ரீனுக்குப் பின்னாடி வேணும்."

ஸ்க்ரீனுக்குப் பின்னால் பலகை எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். தையல் நுணுக்கம் நமக்கு எங்கே தெரியும் என்று விட்டுவிட்டேன். கனமான பலகை. தோளில் வைத்துத் தூக்கிவந்தேன். வழியில் மெத்தை பார்த்து, "என்ன சார் இது?" என்றார். "ஸ்க்ரீன் வேலை" என்று கண்ணடித்தேன்.

சனிக்கிழமை வந்தது. கடையிலிருந்து திரும்பும்போது, டிவி மாட்டுகிறவரைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டேன். பெட்டியோடு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நல்ல மனிதராக இருந்தார். வெற்றியைப் பார்க்க நாலு பேர் வேண்டாமா? மெத்தையையும் கூப்பிட்டுக்கொண்டேன். கதவைத் திறந்தேன்.

கிளிப்பச்சை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கூரையிலிருந்து தரை வரைக்கும், மடிப்பு மடிப்பாக ஒரு ஸ்க்ரீன்.

"சார், சுவர் எங்க?" என்றார் மாட்டுகிறவர்.

"இதுக்குப் பின்னாடிதான். வாங்க," என்று ஒரு பக்கமாக இழுத்தேன்.

பின்னால் மேசை. நான் தோளில் தூக்கிவந்த பலகைதான் கால் முளைத்து நின்றது. மேசைக்கு மேலே வரிசையாகத் தட்டுகள், தட்டுகளில் நூல் கண்டுகள், பக்கத்தில் தையல் மெஷின், அதற்கும் மேலே கொக்கிகளில் தைத்த துணிகள். நடுவில் என் மனைவி, நிமிர்ந்து நின்றுகொண்டு, துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள். "டீ போடட்டுமா?"

மாட்டுகிறவர் பெட்டியைக் கீழே வைத்தார். தட்டுகளுக்கு நடுவே விரலை விட்டு அங்கே தட்டினார், இங்கே தட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "சார், இதுல சுவரே மிச்சம் இல்லையே" என்றார். மாட்ட வந்தவர் அவர். மாட்டிக்கொண்டது நான்.

"என்ன இது?" என்றேன் மனைவியிடம்.

"ஸ்க்ரீன்."

"நான் கேட்டது..."

"ஸ்க்ரீன். இந்தச் சுவத்துல. சுவர் முழுக்க. இண்டு இடுக்கு இல்லாம. பளிச்சுனு கலர்ல. துவைக்கிற மாதிரி. ஏதாவது விட்டுப்போச்சா?"

"மேசையைப் பத்திப் பேச்சே வரலையே!"

"வெறும் சுவருக்கு யாராவது ஸ்க்ரீன் போடுவாங்களா? ஸ்க்ரீன்னா மறைக்கறதுக்குப் பின்னாடி ஏதாவது வேணாமா? அண்ணா, நீங்களே சொல்லுங்க. இவர் என்ன கேட்டார்?"

மெத்தை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கிளிப்பச்சையைப் பார்த்தார். "ஸ்க்ரீன்னுதான் சார் கேட்டீங்க," என்றார்.

"மெத்தை, உங்களுக்குத் தெரியும் நான் எதைச் சொன்னேன்னு!"

"எதைச் சொன்னீங்க?" என்றாள் மனைவி. குரலில் அப்படி ஒரு அப்பாவித்தனம். "வேற எதையாவது மனசுல வெச்சுக்கிட்டு, வேற வார்த்தையாலயா கேட்டீங்க? எங்கிட்டயா? சேச்சே. நீங்க அப்படிச் செய்யற ஆளே இல்லை."

பதில் வாய்வரைக்கும் வந்தது. வெளியே விட்டால் நான் ஏமாற்றுக்காரன். உள்ளே விழுங்கினால் வெறும் ஏமாளி. விழுங்கினேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன் மெதுவாக.

"நீங்க வாயைத் திறந்தப்பவே. கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த வீட்டுல ஜன்னல்னு ஒண்ணு இருக்கிறதையே பார்க்காத மனுஷன், திடீர்னு அழகு வேணும்னா? எனக்கே படம் காட்டறீங்களா?"

நான் சுலபமாகத் தோற்கிறவன் இல்லை. சுவர் போனாலும் கொள்கை இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஆனா ஒண்ணு. அந்தச் சின்ன டிவியில படத்தை ரசிக்கவே முடியாது. இது கண் சம்பந்தப்பட்ட விஷயம். நான் தொழில்ல இருக்கேன்."

"சரி. உங்க தொழில் மாதிரியே பார்த்துடுவோம்," என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். மேசைக்கு இடம் விடுவதற்காகச் சோபாவை முன்னால் தள்ளியிருந்தாள். பழைய டிவி கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"உட்காருங்க. அண்ணா, நீங்களும். சார், உங்களுக்கும் இப்ப வேலை இல்லையே, உட்காருங்க. கிட்ட போனா எல்லாம் பெருசாத் தெரியும்னு இவர்தான் சொல்வார்."

கடையில் சொல்வேன்தான். அது வேறு சந்தர்ப்பம்.

மூன்று பேரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தோம். நான் கையைக் கட்டிக்கொண்டேன். ரசிப்பதில்லை என்று தீர்மானம். ஏதோ ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குமாஸ்தா. முதலாளியின் கோட்டைச் சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிறான். அங்கே முதலாளியே உட்கார்ந்திருக்கிறார். பெண் அவர் மகள். கோட்டுப் பைக்குள் முதலாளியின் பல்செட்.

முதலாளி வாயைத் திறக்க முடியாமல் சைகையிலேயே திட்ட ஆரம்பித்தபோது, மாட்டுகிறவர் சோபாவிலிருந்து சரிந்து தரைக்குப் போனார். மெத்தை என் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார். யாரோ கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, "ஐயோ, பல்லு, பல்லு" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது நான்.

படம் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"கதை என்ன?" என்றாள் மனைவி. படம் ஓடிய நேரமெல்லாம் மேசையில் வெட்டிக்கொண்டே இருந்தவள்.

"நீ பார்க்கலையா? பிரமாதம்! அந்தக் குமாஸ்தா இருக்கானே..." என்று ஆரம்பித்து, கோட்டின் கிழிந்த பையிலிருந்து, பல்செட் பெண்ணின் டீக் கோப்பைக்குள் விழுந்ததுவரை ஒன்று விடாமல் நடித்தே காட்டினேன். முதலாளி நடந்த மாதிரி நடந்தும் காட்டினேன்.

"இதுல தெளிவா இருந்துச்சா, மாடியில பார்த்ததுல தெளிவா இருந்துச்சா?" என்றாள்.

அது என் கேள்வி. என் கடைக் கேள்வி. என்னிடமே!

"ரெண்டும்..." என்றேன்.

"ரெண்டும்னு வாடிக்கையாளர் சொன்னா விடுவீங்களா?"

விட மாட்டேன். மாட்டுகிறவர் தரையிலிருந்து எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, "அப்ப டிவி வேணாம்னு கடையில சொல்லிடவா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி தலையாட்டினாள். அவர் அவளுடைய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் நிமிர்ந்து நின்று துணி வெட்டுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுவரை முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் தரையிலிருந்து எழுந்திருப்பாள். இப்போது மேசையைச் சுற்றி ராணி மாதிரி நடந்தாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தோற்றவன் பாராட்டினால் மரியாதை இருக்காது.

அந்த நேரம் பார்த்து, கணவரைத் தேடி மெத்தையின் மனைவி இறங்கிவந்தார். உள்ளே வந்தவர் நேராக ஸ்க்ரீனிடம் போனார். துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அக்கா, அம்சமா இருக்கு. எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்க."

"ஜன்னலுக்கா?"

"இல்லக்கா. அந்த டிவியை மறைக்கணும். அடுப்படியிலேர்ந்து ஹாலுக்கு வந்தா யாரோ அந்நிய மனுஷன் வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு. தூக்கிவாரிப் போடுது."

மெத்தை சோபாவில் அப்படியே அமுங்கிப்போனார். அவருக்கு ஆறுதல் சொல்லலாம் என்று நான் திரும்புவதற்குள், என் மனைவி தன் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து என் கழுத்தில் போட்டாள்.

"அளவெடுக்க இப்பவே இவரை அனுப்பறேன்," என்றாள். "பெரிய ஸ்க்ரீன்னா இவருக்கு உயிர்."